முதன்மை அட்டைதாரர்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய். எனக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும். வந்தபிறகு சீக்கிரம் போகாது, அவ்வளவுதான். வங்கி அந்தப் புது விதியைக் கொண்டுவந்தபோதுகூட முதலில் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. மூன்று சுவரிலும் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் காற்று மோட்டார், எல்லாவற்றுக்கும் ஓயாத ஒரு குமிழிச் சத்தம். வருகிறவர்களுக்கு அது தலைவலி. எங்களுக்கு அது நின்றால்தான் தலைவலி. நடுவில் பெரிய தொட்டியில் தனியாக ஒரு ஆஸ்கர் மீன் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. நான் அடுக்கி வைக்கிற கூழாங்கற்களை வாயால் கவ்வி இடம் மாற்றிவிட்டு, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கண்ணாடி வழியாக எல்லோரையும் முறைக்கும். அதனால் என் மாமியார் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார். யார் எவ்வளவு கேட்டும் மேஸ்திரியை விற்றதில்லை. அத்தை கையிலிருந்து தீனி வாங்கித் தின்னும் ஒரே ஜீவன் அது.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மேலே ஏறும்போது போனைக் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். டீ நேரத்துக்கு இறங்கும்போதுதான் கையில் எடுப்பார். வங்கிக் கணக்கு அவர் பேரில். அட்டையும் அவருடையது, என்னிடம் இருப்பது அதன் கூடுதல் அட்டை. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடும் அதே கணக்குக்குத்தான் போகிறது. நான் மீன் விற்றாலும் காசு அவர் பேரில்தான் விழும். கல்யாணமான புதிதில் அப்படி அமைந்துவிட்டது, மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. கரண்ட் பில், தண்ணீர் பில், மீன் தீனிக் கம்பெனி பில் என்று எல்லாவற்றையும் நான்தான் என் போனிலிருந்து கட்டி வந்தேன். கரண்ட் பில் எந்த நிறத்தில் வரும் என்று கேட்டால் அவர் முழிப்பார்.

ஒரு நாள் தண்ணீர் பில் கட்டப்போனால், முதன்மை அட்டைதாரரின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் என்று திரையில் வந்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வங்கிக்குப் போன் போட்டேன். பில் கட்டும் சேவையை மாற்றி அமைத்திருக்கிறோம், இனி கூடுதல் அட்டையில் கட்டும் எதற்கும் முதன்மை அட்டைதாரர் செயலியில் சம்மதம் தர வேண்டும், இது உங்கள் பாதுகாப்புக்காக என்று ஒரு பெண் ஒப்பித்தாள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

சரி, டீ நேரம் பார்த்து அனுப்புவோம் என்று பழகிக்கொண்டேன். அவரும் இறங்கியதும் ஒரு தட்டு தட்டிவிடுவார். ஆனால் மனுஷனுக்கு அதில் ஒரு குஷி பிறந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்ன மேடம், இந்த மாசம் தண்ணி வேணுமா வேணாமா என்பார். முதல் தடவை சிரித்தேன். அடுத்த தடவை சிரித்த மாதிரி காட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு எழுந்து தொட்டி கழுவப் போய்விட்டேன். அத்தைகூட, போதும்டா உன் ராஜாங்கம் என்று அதட்டிப் பார்த்தார். அவருக்கு உறைக்கவில்லை.

அப்புறம் கரண்ட் பில் வந்தது. டீ நேரத்தில் அனுப்பினேன், கட்டணம் நிறைவேறவில்லை என்று வந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாவது முறைக்குப் பிறகு கட்டுவதற்கான பொத்தானே மங்கிப்போய், தொட்டாலும் அசையவில்லை. என்ன ஆச்சு என்று அவரிடம் கேட்டேன். சிக்னல் சரியில்லை, பத்து நிமிஷம் தாண்டிப்போச்சு, விடு, நான் பாத்துக்கறேன் என்றார். சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு காலையில் கடையைத் திறந்து மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது குமிழிச் சத்தம் நின்றுவிட்டது. வெளியே ஓடினால் கம்பத்திலிருந்து லைன்மேன் இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கே சங்கடம். போன வாரமே மெசேஜ் போயிருக்கணுமே அக்கா என்றார். போயிருக்கும். இணைப்பும் வீட்டுக்காரர் பேரில்தானே இருக்கிறது.

பக்கத்து மருந்துக்கடைக்காரர் தன் போனிலேயே உடனே பில்லைக் கட்டிக் கொடுத்தார். காசாகக் கட்டலாமென்றால் மின்வாரியக் கவுன்ட்டரை மூடி எத்தனையோ காலமாகிறது. அவர் இல்லையென்றால் அதுவும் நடந்திருக்காது. ஆனால் திரும்ப இணைக்க உத்தரவு வர வேண்டும், எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும் என்று லைன்மேன் சொல்லிவிட்டார். மருந்துக்கடையிலிருந்து ஒரு ஒயரை இழுத்துச் சின்னத் தொட்டிகளின் மோட்டார்களை ஓடவிட்டோம். மேஸ்திரியின் பெரிய மோட்டாரைச் சொருகியதும் அவர் கடை ஃப்யூஸ் போய்விட்டது. மருந்து வைத்த ஃபிரிட்ஜ் ஓடியாக வேண்டும். இன்னொரு முறை முயன்று பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி மேலே வந்துவிட்டது. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டிக் காற்றைக் கடித்தது. யாரையும் முறைக்கவில்லை. அத்தை ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். பாதித் தண்ணீர் அவர் புடவையிலேயே கொட்டியது, அவர் கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

தண்ணீர் கேன் ஏற்றுகிற தள்ளுவண்டியில் பெரிய நீல டப்பை வைத்து, பாதிவரை தொட்டித் தண்ணீரை நிரப்பி, மேஸ்திரியை அதில் விட்டேன். மோட்டாரைக் கடைக் காகிதங்கள் இருக்கும் பைக்குள் போட்டுக்கொண்டேன். எங்கே போகிறாய் என்று அத்தை கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். வங்கி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். மீனெல்லாம் உள்ளே விட முடியாது என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், நிஜமாகவே திரும்பிச் சுவரில் இருந்த பலகையைப் படித்துப் பார்த்தார். அவர் படித்து முடிப்பதற்குள் வண்டி உள்ளே போய்விட்டது.

காத்திருக்கும் நாற்காலிகளுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் போன் சார்ஜ் போட ஒரு பிளக் இருக்கும். அதில் மோட்டாரைச் சொருகினேன். டப்பில் குமிழி கிளம்பியது. மேஸ்திரி கீழே இறங்கி, குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. அத்தை வண்டிக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் டப்புக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். சின்ன வயசு, டை கட்டியிருந்தார். மேடம், இது வங்கி என்றார்.

"தெரியும் சார். எங்க காசு இங்கதான் இருக்கு. உங்க புது ரூலால எங்க கரண்ட் போச்சு. அதனால உங்க கரண்ட்ல இது கொஞ்ச நேரம் மூச்சு விடட்டும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், இங்கேயே பேசலாம் என்று சொல்லிவிட்டேன். நின்றபடியே கம்ப்யூட்டரில் எங்கள் கணக்கைத் தேடினார். பில் கட்டும் சேவை முடக்கப்பட்டிருக்கிறது, தொடர்ந்து மூன்று முறை மறுத்தால் அது இரண்டு அட்டைக்கும் தானாகவே முடங்கிவிடும் என்று விளக்கினார். யாரும் மறுக்கவில்லை, நேரம் தாண்டிப்போய்விட்டது என்றேன். நேரம் தாண்டினால் முடங்காது என்று மெதுவாகச் சொன்னார். முதன்மை அட்டைதாரர் வந்தால்தான் எதுவும் செய்ய முடியும் என்று மேஜைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அத்தை என் போனை வாங்கித் துறைமுக அலுவலகத்துக்குப் போட்டு, மகனைக் கிரேனிலிருந்து இறக்கச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லுங்கள், அது போதும் என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார். மேனேஜர் முகம் மலர்ந்து கை குலுக்கினார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தேன். வீட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்புக்குள் இருந்த மேஸ்திரியைப் பார்த்தார். உட்காரவில்லை.

"நாந்தான்," என்றார். "டீ குடிக்கிற இடத்துல பசங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க. வேணாம்னு அமுக்கினேன். சும்மா விளையாட்டுக்கு. நீ மறுபடி அனுப்புவேன்னு தெரியும்ல. அப்புறம் எனக்கும் பூட்டிக்கிச்சு, சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அவங்க சிரிச்சாங்களா?"

அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. மறுத்ததுகூடப் பெரிதில்லை. நான் இங்கே கடிகாரம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, அவர் படியிறங்கி வரும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நாலு பேர் டீக் கிளாசோடு அதை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மூன்று நாள். அத்தை எழுந்து நாற்காலியைத் தூக்கி, டப்புக்கு இந்தப் பக்கம், என் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

மேனேஜர் விஷயத்தைப் பூசி மெழுகப் பார்த்தார். இதற்கெல்லாம் சுலபமான வழி இருக்கிறது, சார் செயலியில் ஒரு டிக் போட்டால் போதும், முடக்கம் நீங்கியதும் மேடத்துக்கு நிரந்தர அனுமதி கிடைத்துவிடும் என்றார். வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. அவசரமாகப் போனை எடுத்துக் கட்டைவிரலை நீட்டினார்.

"அமுக்காதீங்க," என்றேன். "இன்னைக்கு டிக்கைப் போடுவீங்க, நாளைக்கு நாலு பேர் சிரிச்சா எடுப்பீங்க. எனக்கு உங்க அனுமதி வேணாம். என் பேர்ல ஒரு கணக்கு வேணும். கடைக் காசு அதுல விழணும். கரண்ட் பில்ல என் அட்டையில நான் கட்டணும்."

இன்றைக்கு முடியாதே என்று மேனேஜர் ஆரம்பித்தார். கடை உரிமம் வேண்டும் என்றார், பையிலிருந்து எடுத்து வைத்தேன். சாப்பாட்டு நேரம் என்றார். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மீனுக்கு இங்கே நல்ல காற்று கிடைக்கிறது, எங்களுக்கு அவசரம் இல்லை என்றேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். வரிசையில் இருந்த ஒரு அம்மா தன் பேத்தியைத் தூக்கிக் காட்டி, மீன் பார், மீன் பார் என்றாள். மேனேஜர் சாப்பிடப் போகவில்லை.

கணக்குத் திறக்கும் வேலை முடிகிற நேரத்தில் மேனேஜருக்குக் கொஞ்சம் தைரியம் திரும்பியிருந்தது. சாருடைய முடக்கத்தை எடுக்கத் தலைமையகம் ஒரு மாதம் ஆக்கும், அதுவரை அவருடைய பில்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள், வேண்டுமானால் உங்கள் கணக்கில் அவரைக் கூடுதல் அட்டைதாரராகச் சேர்க்கலாம் என்றார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேருங்க," என்றேன். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுதான் மேடம்."

நாங்கள் திரும்பியபோது கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டியை வீட்டுக்காரர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். மேஸ்திரியைத் தொட்டிக்குள் விட்டதும் அது முதல் காரியமாக ஒரு கல்லைக் கவ்வி மூலைக்குக் கொண்டுபோனது. அத்தை அப்போதுதான் அழுதார்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை. கடைக்கு வந்து தொட்டி கழுவிக்கூடக் கொடுக்கிறார். நல்ல மனுஷர்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்பே சொன்னேனே, என் கோபம் சீக்கிரம் போகாது.

போன வாரம் கடையில் இருந்தபோது போன் அதிர்ந்தது. கூடுதல் அட்டைதாரர் தன் கைபேசிக் கட்டணத்தைச் செலுத்த விரும்புகிறார், அனுமதிக்கவா, மறுக்கவா என்று திரை கேட்டது. கடிகாரம் பத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. அது துறைமுகத்தில் டீ நேரம். கையில் போனோடு அவர் நிற்பதும், சுற்றிலும் அந்த நாலு பேர் எட்டிப் பார்ப்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

யார் என்று அத்தை கேட்டார். உங்கள் பிள்ளைதான் என்றேன்.

"குடுக்கப் போறியா?"

"பத்து நிமிஷம் இருக்கு அத்தை."

போனைத் தொட்டி மூடியின் மேல் வைத்தேன். தீனி டப்பாவை எடுத்துத் திறந்து அத்தையிடம் நீட்டினேன். மேஸ்திரி ஏற்கெனவே மேலே வந்து காத்துக்கொண்டிருந்தது.