இருபத்திரண்டு கிராம்

சின்னத் தராசில் எண்கள் மூன்று, நாற்பத்தொன்று, பூஜ்யம் என்று தாறுமாறாக ஓடின. வினோதா பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். அப்படியேதான் ஓடியது. மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்குச் சுவாதிக்கு மாவு கரைத்துக் கொடுக்க வேண்டும்.

நாலு வயது சுவாதியின் ஈரல், சர்க்கரையைச் சேர்த்து வைக்கும், திருப்பித் தராது. அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருபத்திரண்டு கிராம் கார்ன் ஃப்ளோரைப் பச்சையாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் பெங்களூர் டாக்டர். குறைந்தால் சர்க்கரை இறங்கி வலிப்பு வரும். கூடினால் வாந்தி வரும். வாந்தியில் மாவு போய்விட்டால் அதுவும் குறைந்த கணக்குதான்.

புருஷன் மாதேஷுக்குப் போன் அடித்தாள். ஓசூர் கம்பெனியில் போன் லாக்கருக்குள் இருக்கும் என்று தெரிந்தும் நாலு தடவை அடித்தாள். ஆஸ்பத்திரி நம்பரில் கன்னடத்தில் ஒரு பதிவுக் குரல் காத்திருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. மாவு பாக்கெட்டோடு சுவாதியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிரே கெம்பம்மாவின் மளிகைக் கடைக்கு ஓடினாள்.

கெம்பம்மா கடைத் தராசில் காகிதம் விரித்து மாவைக் கொட்டினாள். இருபது காட்டியது. ஒரு சிட்டிகை போட்டாள். இருபதுதான். இன்னொரு சிட்டிகை போட்டதும் முப்பதுக்குத் தாவியது.

"இது பத்துப் பத்தாத்தான் காட்டும் வினோதா. வெங்காயம் போடுற தராசு. ஸ்பூன்ல அளந்து குடுத்துடேன்?"

"ஒரு ஸ்பூன் எத்தன கிராமுக்கா?"

கெம்பம்மாவுக்குத் தெரியவில்லை. புது நூறு கிராம் பாக்கெட் ஒன்றைப் பிரித்து வினோதாவிடம் நீட்டினாள். "நூறுல எத்தன ஸ்பூன் வருதுன்னு எண்ணு. கணக்குப் போட்டுக்கலாம்."

வினோதா ஸ்பூன் ஸ்பூனாகத் தலைதட்டி, தட்டில் கொட்டி எண்ணினாள். பதினொன்று. நம்பிக்கை வராமல் திரும்ப எண்ணினாள். தட்டில் கொட்டிய மாவு உதிர்ந்து பொங்கியிருந்தது. இந்தத் தடவை பதினான்கு. முதல் கணக்குக்கு இரண்டரை ஸ்பூன் போதும். இரண்டாவதற்கு மூன்று வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவள் குழந்தை இருந்தது.

"அம்மா, தூக்கம் வருது," என்றாள் சுவாதி.

அது வெறும் தூக்கமா? நெற்றியைத் தொட்டாள். ஈரம். வெயில் வியர்வையா, சர்க்கரை இறங்கும் வியர்வையா? விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷினை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள்.

உதிரி மாவில் மூன்று ஸ்பூன் என்று முடிவு செய்தாள். கை நடுங்கியது. நடுங்க நடுங்க ஸ்பூனுக்குள் மாவு அமுங்கி இறங்குவதைப் பார்த்தாள். அமுங்கினால் கூடுதலாகப் போகுமே. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அளந்தாள். கெம்பம்மா தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். சுவாதி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அடுத்த நாலு மணி நேரம் வினோதா குழந்தையைப் படுக்க விடவில்லை. பேர் கேட்டாள், விரல்களை எண்ணச் சொன்னாள். இரண்டு மணிக்கு விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். எண்பத்தொன்று. மூன்றரைக்கு எழுபத்திரண்டு. எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. வாந்தி இல்லை.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாதேஷ் பைக்கில் வந்தான். ஷிஃப்ட் முடிந்து போனைப் பார்த்தவன், ஓசூரிலேயே புதுத் தராசு வாங்கியிருந்தான். அடுத்த வேளைக்கு இருபத்திரண்டு கிராம் சரியாக நிறுத்துக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் வினோதா தராசை விடவில்லை. மத்தியானம் போலவே மூன்று ஸ்பூன் அளந்து வைத்தாள். பத்தொன்பது. திரும்ப அளந்தாள். இருபத்தைந்து. இன்னொரு தடவை. இருபத்திரண்டு.

"விடு வினோ. அதான் ஒண்ணும் ஆகலயே."

"இதுல எதக் குடுத்தேன்னு தெரியலயே."

வாசலில் சுவாதி பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள். தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். யாரும் அவளை அதட்டவில்லை. சத்தம் நின்றபோதெல்லாம் மாவுக் கையோடு வினோதா தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.