சுகெங் முகத்தில் ஒரு வாழைச்சீப்பு

1

இந்தக் கதை எனக்குத் தேநீர் குடிக்கப் போன இடத்தில் கிடைத்தது. பக்கத்துத் தெரு கஸியெம் அம்மாள், "அருங்காட்சியகத்துலேருந்து ஆள் வராங்க, துணைக்கு வந்து உக்காரு" என்று கூப்பிட்டார். போனேன். கதை இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. முடிவு இருக்காது என்பது தெரியவில்லை.

முதல் தொடக்கம்: "யோக்யாகர்த்தாவின் வெயிலை ஓவியர் ஹர்தோயோ போல் எவரும்..." (அடித்துவிட்டேன். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தின் கடைசியில் ஒரு காலை, பட்டாளத்து வண்டி..." (வண்டியில் ஆரம்பித்தால் கதை முழுக்க வண்டிதான் ஓடும். வேண்டாம்.)

2

நேராகவே சொல்கிறேன். கஸியெம் அம்மாளின் கணவர் ஹர்தோயோ கண்ணால் கண்டதை மட்டும் வரைந்தவர். சந்தைக்காரியின் காலில் பித்தவெடிப்பு இருந்தால் படத்திலும் இருக்கும். அவருடைய பெரிய படம் ஒரு காலைச் சந்தை. அதன் நடுவில் சிரித்துக்கொண்டு நின்றவர் நண்பர் சுகெங், பள்ளி ஆசிரியர்.

அறுபத்தைந்தில் ஜாவா முழுக்கப் பட்டாளம் கம்யூனிஸ்ட் என்று சொல்லி ஆட்களை அள்ளியபோது இருவரையும் பிடித்துப் போனார்கள். சுகெங்கைத் தெரியும் என்பதே குற்றமாகிவிட்டது. வீட்டைச் சோதனை போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கஸியெம் அம்மாள் கணவரின் தூரிகையை எடுத்து சுகெங் முகத்தின் மேல் ஒரு வாழைச்சீப்பை வரைந்துவிட்டார். படம் தப்பியது. ஹர்தோயோ பல வருஷம் கழித்துத் திரும்பினார். சுகெங் திரும்பவே இல்லை.

3

ஹர்தோயோ மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. மனைவியை வண்ணம் அரைக்க விட்டார், தூரிகையைத் தொட விட்டதில்லை. சிறையிலிருந்து வந்து படத்தைப் பார்த்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நிழல் தப்பான பக்கம் விழுது."

நிழலை மட்டும் திருத்தினார்.* பழத்தில் கை வைக்கவில்லை. நண்பன் முகத்தை மீட்டிருக்கலாமே? பயமா, மனைவிக்குக் காட்டிய மரியாதையா? [இங்கே ஒரு நல்ல வாக்கியம் வர வேண்டும். வரவில்லை.]

* சந்தையில் வெயில் இடப்பக்கமிருந்து வருகிறது. கஸியெம் அம்மாள் அடுப்படி ஜன்னலைப் பார்த்து வரைந்திருந்தார்.

4

இப்போது ஹர்தோயோவும் இல்லை. அருங்காட்சியகத்திலிருந்து அன்று வந்தவன் ராகா, பழைய படங்களைச் சுத்தம் செய்கிறவன். சோலோ ஊரிலிருந்து சுகெங்கின் மகள் விதூரியும் வந்திருந்தாள். பயத்தில் அவள் வீட்டில் புகைப்படங்களை எல்லாம் கொளுத்திவிட்டார்கள். அப்பா முகம் அவளுக்குத் தெரியாது. இறந்த நாளும் தெரியாததால், அவருக்கென்று சோறு பொங்கி ஊரைக் கூப்பிட்டுப் பிரார்த்தனை வைத்ததும் இல்லை.

வாசலில் என்னிடம், "ஒரே ஒரு தடவ பாத்தா போதும்ங்க" என்றாள். அடுப்படியில் கஸியெம் அம்மாள், "என் ஆயுசுல நான் வரைஞ்சது அது ஒண்ணுதான். அதையும் துடைக்கணுமாம்" என்றார்.

படத்தை மேசையில் கிடத்தினார்கள். ராகா சொன்னான்: "பழத்த எடுத்துடலாம்மா. ஆனா கீழ முகம் முழுசா இருக்குமான்னு சொல்ல முடியாது. எடுத்தா எடுத்ததுதான்."

"துடைக்கட்டும் பாப்பா. உங்கப்பா முகமில்லையா."

"வேணாம் பெரியம்மா. நீங்க வரைஞ்சது, இருந்துட்டுப் போகட்டும்."

"நான் என்ன பெரிய ஓவியரா? நீ துடை தம்பி."

"துடைக்காதீங்க. நான் சும்மா பெரியம்மாவப் பாக்கத்தான் வந்தேன்."

ஜாவாக்காரர்கள் நாங்கள் இப்படித்தான். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு. மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தே உருப்படாமல் போவோம். ராகா பஞ்சை நனைப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தான்.

"யாராவது ஒருத்தர் சண்டை போடுங்களேம்மா!" என்றான் கடைசியில்.

இருவரும் சிரித்தார்கள். தேநீர் ஆறிப்போயிருந்தது.

5

முடிவு அ: துடைத்தார்கள். சுகெங் சிரித்தார். (கஸியெம் அம்மாள் இதைப் படிப்பாரே என்று கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: துடைக்கவில்லை. விதூரி சோலோ பஸ்ஸில் ஏறி... (ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இ: பழமும் போயிற்று, கீழே முகமும்... (இதை எழுதி முடிக்கவே இல்லை.)

என்னிடமும் கேட்டார்கள். நானும் ஜாவாக்காரன்தானே, "உங்க இஷ்டம்" என்றேன்.

நீங்கள் வெளியூர்க்காரர். உங்களுக்கு இந்த மரியாதைத் தொல்லை கிடையாது. ராகா கையில் பஞ்சு நனைந்திருக்கிறது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் படத்தில் அந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்காதீர்கள், பொய் சொல்வார்கள். ராகாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.