இரண்டு கார்ட், ஒரு மாடிவீடு

சாய்ந்தமருதில் வீட்டுப் பிளான் கீறுகிறவர்களில் றாஹிலாவுக்கு மட்டும்தான், வீட்டை மண்ணில் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் கட்டிக்காட்டத் தெரியும். சுவர், கூரை, ஜன்னல், முற்றத்துத் தென்னை எல்லாம் நிறத்தோடு திரையில் வந்து நிற்கும். ஆனால் "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்கு வியர்த்துவிடும். மவுஸை அசைத்தால் படம் உறைந்துபோகும். பிறகு வெடுக்கென்று பாய்ந்து கூரைக்கு மேலே போய் நிற்கும். பழைய கம்ப்யூட்டர். கிராபிக்ஸ் கார்ட் என்று தனியாக ஒன்று அதில் இல்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. சுனாமியில் வீடிழந்து மகள் வீட்டிலும் மச்சான் வீட்டிலும் ஒதுங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வரும் சாமான்களை வழிநெடுகச் சோதனைச்சாவடிகளில் பிரித்துப் பார்ப்பதும் குறைந்திருந்தது. நல்ல கார்ட் ஒன்று வாங்கிப் போடுவதென்று றாஹிலா முடிவெடுத்தாள். எதை வாங்குவது என்பதில்தான் வந்தது சிக்கல்.

கல்முனை பஸாரில் கடை வைத்திருந்த ஜவுபர், கறுப்புப் பெட்டியில் வந்த கார்டைத்தான் வாங்கவேண்டும் என்றான். காரைதீவில் கடை வைத்திருந்த சுஜிந்தன், நீலப் பெட்டியில் வந்ததே போதும் என்றான். கறுப்பின் விலை நீலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருவருமே, எந்தக் கார்ட் வேகம் என்று இணையத்தில் போட்டிருந்த புள்ளிக் கணக்குகளைப் பிரதியெடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். ஒன்றில் கறுப்பு வென்றது, மற்றதில் நீலம் வென்றது. எல்லாம் கார் ஓட்டுகிற, துவக்குச் சுடுகிற விளையாட்டுகளை வைத்துப் பார்த்த கணக்கு.

"நான் காரும் ஓட்டுறல்ல, துவக்கும் சுடுறல்ல," என்றாள் றாஹிலா. "ரெண்டு பேரும் கார்டக் கொண்டு வாங்க. என்ட வீட்டுப் படத்தப் போட்டுப் பாப்பம்."

சனிக்கிழமை காலையில் இருவரும் பெட்டியோடு வந்துசேர்ந்தார்கள். அதே நேரத்துக்கு, தங்கள் புது வீட்டுப் பிளானைப் பார்த்து முடிவு சொல்ல ஸைனுலாப்தீன் மாமாவும் றஹீமா மாமியும் வந்துவிட்டார்கள். மாமா முன்பு தோணி வைத்திருந்தவர். வீடு கட்டுவதில் இருவருக்கும் ஒரே தகராறு. மாமிக்கு மாடி வேண்டும், மாமாவுக்கு வேண்டாம். "முழங்கால் நோவுக்காரிக்கு மாடி என்னத்துக்கு?" என்பது அவருடைய கேள்வி. மாமி காரணம் சொல்லமாட்டார். மாடி இல்லாவிட்டால் வீடே வேண்டாம் என்பார்.

"இருங்க மாமி, உங்கட வீட்டத்தான் சோதிக்கப் போறம்," என்று றாஹிலா தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தாள்.

முதலில் நீலம். சுஜிந்தன் கம்ப்யூட்டரைத் திறந்து கார்டைச் செருகினான். றாஹிலா மவுஸை அசைத்தாள். வீடு திரும்பியது. இவ்வளவு நாளும் அசைய மறுத்த வீடு!

"அல்லாஹ்வே, ஊடு நடக்குது!" என்றார் மாமி.

முற்றத்துத் தென்னைகள் வரும்போது மட்டும் படம் லேசாகத் தடுக்கியது. ஜவுபர் அதை உடனே பிடித்துக்கொண்டு றாஹிலாவிடம் திரும்பினான். "கண்டீங்களா ராத்தா? மரத்துக்கே இப்பிடி!"

கறுப்புக் கார்ட் முழங்கை நீளம். அது உள்ளே போவதற்காக வேறு சாமான்களைக் கழற்றி இடம் மாற்றவேண்டியிருந்தது. ஆனால் போட்டதும் வீடு அலையில்லாத கடலில் தோணி போவதுபோல வழுக்கிக்கொண்டு திரும்பியது. றாஹிலாவுக்கு ஆசை வந்துவிட்டது. வெயிலும் நிழலும் விழட்டும் என்று ஒரு பொத்தானை அமத்தினாள். டப்! கம்ப்யூட்டரே அணைந்துபோனது.

"கார்டில பிழையில்ல," என்றான் ஜவுபர் அவசரமாக. "கரண்ட் குடுக்கிற பெட்டிக்கு வலுக் காணாது. அதையும் மாத்தினாச் சரி."

"பெட்டிய மாத்தி, மறுகா பெரிய கேசிங்கும் வாங்கி... அந்தக் காசுக்கு மாமிர குசினியக் கட்டி முடிக்கலாமே," என்று சுஜிந்தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தான்.

றாஹிலா மாமியிடம் கேட்டாள். "நீங்க சொல்லுங்க மாமி. ரெண்டிலயும் என்ன வித்தியாசம்?"

"ஊடு ஒண்டுதான் கா. அதில தென்னமரம் விக்கி விக்கி வருது, இதில விக்கல்ல. நான் தென்னமரத்திலயா குடியிருக்கப் போறன்?"

ஜவுபரே சிரித்துவிட்டான். நீலம் மறுபடி உள்ளே போனது.

இப்போது மாமிக்கு ருசி பிடித்துவிட்டது. கேற்றிலிருந்து மாடி வரைக்கும் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். றாஹிலா மெதுவாக நடத்திப் போனாள். கேற், முன்கதவு, ஹோல், சமைக்கிற குசினி, குசினியோரத்துப் படி, மேலே மாடி. மாமியின் முகம் மாறியது.

"கதவு பூட்டிக் கிடந்தா?"

"விளங்கல்ல மாமி."

"நாங்க ஊட்டில இல்லாத நேரம் தண்ணி வந்தா, தெருவில நிக்கிற சனம் எப்பிடிப் புள்ள மேல ஏறுற?"

மாமி தொடர்ந்தார். "அண்டைக்கு நான் ஓடி ஏறினது வெளிப்பக்கம் இருந்த படியில. அந்த ஊட்டுக்காரர் ஊரிலயே இல்ல. எல்லாம் பூட்டித்தான் கிடந்திச்சி. படி மட்டும் வெளியால இருந்திச்சி."

சுனாமி வந்த அன்றைக்கு மாமா நாவிதன்வெளிப் பக்கம் நெல் வாங்கப் போயிருந்தார். மனைவி ஏதோ ஒரு மாடியில் ஏறித் தப்பினாள் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அவர் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டார்.

"படிய வெளியால போடு மகள். நல்ல அகலமாப் போடு. ரெண்டு பேர் ஒண்டா ஏறட்டும்."

காகிதத்தில் எத்தனையோ தரம் பார்த்த பிளான்தான். உள்ளே நடந்து பார்த்த பிறகுதான் அந்தப் பூட்டிய கதவு மாமியின் கண்ணில் பட்டது. றாஹிலா படியை வெளிச்சுவரோடு சேர்த்துக் கீறினாள். திருத்தி முடித்து எல்லோரையும் அதில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனபோது, தானே படியேறுவதுபோலச் சுஜிந்தன் தன்னையறியாமல் கதிரையிலிருந்து எழும்பி நின்றான்.

நீலக் கார்ட் அவளுடைய கம்ப்யூட்டரிலேயே தங்கியது. கறுப்பை அடுத்த மாதமே அக்கரைப்பற்றுக் கல்யாண வீடியோக்காரர் ஒருவர், கரண்ட் பெட்டியும் சேர்த்து, வாங்கிக்கொண்டு போனார். ஜவுபருக்கு நட்டமில்லை.

வீடு எழும்பியது. குடிபுகுந்த அன்று பகல் விருந்து. புரியாணி வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. றஹீமா மாமி படியடியில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் எல்லோரும் முதலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரவேண்டும், சாப்பாடு அதற்குப் பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜவுபரும் சுஜிந்தனும் வெறும் வயிற்றோடு, பக்கத்தில் பக்கத்தில், படியேறினார்கள்.