கடவாய்ப் பல்

சலூன்காரருக்கு இடது கன்னம் செயலிழந்து எட்டு வருஷம். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கிற தொழில். அதில் தன் முகத்தை மட்டும் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்ட மனுஷர். போன வருஷம் தொடையிலிருந்து ஒரு துண்டுத் தசையை எடுத்துக் கன்னத்துக்குள் வைத்து, மெல்லுவதற்கான நரம்போடு இணைத்துத் தைத்தார் டாக்டர். "சிரிக்கப் பாக்காதீங்க. கடவாய்ப் பல்லைக் கடிங்க, கன்னம் தானா ஏறும்," என்றார். மாதங்கள் போயின, ஏறவில்லை. நாளைக்கு மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். நாளைக்கும் அசையவில்லை என்றால் அந்தத் தசையை மறந்துவிட வேண்டியதுதான்.

உண்மையைச் சொன்னால் மனுஷர் கடிக்கவே இல்லை. உள்ளே தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து, பல்லோடு பல் பட்டும் படாமல் வைத்துக்கொண்டு, அதையே பயிற்சி என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் மச்சான், மனைவியின் அண்ணன். ஓட்டை வாய். "தொடைச் சதை எங்கயாவது சிரிக்குமா மாப்ள?" என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டவர். நுரை பூசிய முகத்தோடு அன்றைக்கும் ஆரம்பித்தார். "நாளைக்கு டாக்டர் கையை விரிச்சா என் தங்கச்சி தாங்க மாட்டா. அப்பவே சொன்னேன், கேட்டியா?"

சலூன்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியோ மச்சானின் தொண்டைக் குழிக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் அவர் வாயே திறக்கமாட்டார். ஆத்திரத்தையும் சேர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியை மேலே இழுத்தார்.

"சிரிக்கிறியா?" மச்சான் திமிறினார். மயிரிழையில் தப்பியது தொண்டை. "என் தங்கச்சி அழுதுக்கிட்டிருக்கா, உனக்கு நக்கலா இருக்கா?"

"அசையாதீங்க மச்சான்! நான் எங்க சிரிச்சேன்?"

"கண்ணாடியில பாத்தேன்யா! இந்தப் பக்கம்…" நீண்ட விரல் இடது கன்னத்துக்கு நேரே நின்றது.

சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்தார். கண்ணாடியில் தன் முகத்தைத் தேடிப் பிடித்துப் பல்லைக் கடித்தார். ஒன்றுமில்லை.

"கத்தி பிடிச்சப்ப கடிச்ச மாதிரி கடி மாப்ள," என்றார் மச்சான்.

கடித்தார். இடது வாயோரம் மெல்ல ஏறியது. விட்டார்; இறங்கியது. கடித்தார், ஏறியது.

எட்டு வருஷத்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மச்சான் முன்னால் அழக்கூடாது என்று இன்னும் இறுக்கிக் கடித்தார். வலது பாதி கோணிக்கொண்டு அழுதது, இடது பாதி நன்றாகவே சிரித்தது.

பாதி நுரையோடு எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார் மச்சான். "அழுறியா சிரிக்கிறியா, ஒண்ணைச் சொல்லு மாப்ள," என்றார். "தங்கச்சிக்குப் போன் போட்டு நான் என்னன்னு சொல்றது?"