போடவா என்று கேட்கிற வீடு

எங்கள் வீட்டில் சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள், முப்பத்திரண்டு வருஷத்துச் சட்டம் இது. நாலு பல்பு, ரெண்டு ஃபேன், ஒரு ரேடியோ, இவ்வளவுக்குத்தான் என்று எப்போதோ கொடுத்த கரண்ட் இணைப்பு. அதன் தலையில் நாங்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர், மிக்ஸி, கடைசியில் ஏசி என்று ஒவ்வொன்றாக ஏற்றி வைத்தோம். இரண்டு பெரிய சாமான் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போய்விடும். அதனால் என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். எதைப் போடுவதென்றாலும் "போடவா?" என்று குரல் கொடுக்க வேண்டும். அடுத்தவர் "போடு" என்றால் போடலாம், "இரு" என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். என் மகள் கல்யாணமாகிப் போன இடத்தில் முதல் நாளே அயர்ன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு "போடவா?" என்று கத்தியிருக்கிறாள். என்னவோ ஏதோவென்று அவள் மாமனார் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தாராம்.

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பத்தோரு நாளும் நான் தனியாக இந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தேன். கெட்டிலைத் தட்டுவதற்கு முன்னால் வாய் தன்பாட்டுக்குக் கேட்டுவிடும். கேட்டுவிட்டு ஒரு நொடி நிற்பேன். அந்த ஒரு நொடியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ரெண்டு வருஷமாகிறது. இனிமேல் இருபத்துநாலு மணி நேரமும் ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்திலேயே ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அனுப்புகிறோம், ஆனால் மெஷின் கம்பெனிக்காரர் வந்து உங்கள் வீட்டு வயரிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். தனி லைன், ஒழுங்கான எர்த், வோல்டேஜ் இறங்காத கரண்ட். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர் வருவார். அன்றைக்குக் கையெழுத்து இல்லையென்றால் புதன்கிழமை காலை அவளை ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது ரெண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தது. அங்கே போனால் திரும்பி வருவது எப்போது என்று கேட்டேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

நான் நாற்பது வருஷம் ஸ்கூட்டர் பிரித்துப் பூட்டியவன். எனக்குத் தெரியாத மெஷினா என்று ஒரு திமிர் எனக்கு எப்போதும் உண்டு. கோபமும் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்தத் திமிரோடுதான் எலக்ட்ரீஷியனை வரவேற்றேன். வந்தது ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். கொண்டையில் பூவுக்குப் பதில் டெஸ்டரைச் செருகியிருந்தார். நான் மனசுக்குள் அவருக்கு டெஸ்டரம்மா என்று பேர் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வெளிவேலை. கரண்ட் ஆபீசிலிருந்து ரெண்டு பேர் வந்து, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வந்த சுண்டு விரல் வயரைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரல் தடிமனில் புது வயர் இழுத்தார்கள். புது மீட்டர் வந்தது. டெஸ்டரம்மா வாசல் ஓரத்தில் ஆள் பாதி உயரத்துக்குக் குழி தோண்டவைத்து எர்த் இறக்கினார். எல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. சாயந்திரம் கிளம்பும்போதுதான் அந்த ஒரு வார்த்தை சொன்னார்.

"நாளைக்கு உள்ள பாக்கணும் சார். ஃப்யூஸ்ல தடிக் கம்பி முறுக்கி வச்சிருந்தா மட்டும் இப்பவே சொல்லிடுங்க. அப்படி இருந்தா ஃப்யூஸ் போகாது, உள்ள வயர்தான் வெந்திருக்கும். அந்த லைன நான் முழுசா உருவிப் போடணும். ஒரு நாள் வேலை."

அப்படியெல்லாம் இந்த வீட்டில் நடக்காது என்றேன். கூசாமல் சொன்னேன்.

நடந்தது இதுதான். ரெண்டு வருஷம் முன்னால், அவளுக்கு மூச்சுத் திணறல் ஆரம்பித்த புதிதில், டாக்டர் சொன்னாரென்று படுக்கையறையில் ஏசி வைத்தோம். அந்த அறையின் ஃப்யூஸ் தினம் போனது. அவள் வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பழைய ஸ்கூட்டர் வயரிலிருந்து செம்புக் கம்பியை உருவி, நாலாக முறுக்கி ஃப்யூஸ் கட்டையில் வைத்துத் திருகிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஃப்யூஸ் போகவே இல்லை. ஏதோ பெரிதாகச் சாதித்தவன் மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அவளும் என்னை எத்தனை பேரிடம் மெச்சிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயந்திரம் டெஸ்டரம்மா தலை மறைந்ததும் கடைக்கு ஓடினேன். சரியான ஃப்யூஸ் கம்பி வாங்கி வந்து மாற்றினேன். செம்பு முறுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தப்பைத் திருத்திவிட்டோம், இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பழைய மரப்பலகையைக் கழற்றினார். ஒவ்வொரு ஃப்யூஸாக உருவிப் பார்த்தார். படுக்கையறை ஃப்யூஸைக் கையில் எடுத்தபோது நான் பையைப் பொத்திக்கொண்டேன். "பரவால்லயே, இது நல்லா இருக்கு" என்றார். ஒரு கருவியை வைத்து வயரையும் சோதித்தார். முள் சரியாகவே காட்டியது. அதனால் ஏசிக்குப் போகிற பழைய வயரை அப்படியே விட்டுவிட்டு, ஆக்ஸிஜன் மெஷினுக்கு மட்டும் தனி லைன் இழுக்கிறேன், நாலு மணிக்குள் தாராளமாக முடிந்துவிடும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

மத்தியானம் ரெண்டரை இருக்கும். மெஷின் வைக்க இடம் வேண்டுமென்று கட்டிலை இழுத்துப் போடச் சொன்னார். இழுத்தேன். தலைமாட்டுச் சுவரில் அந்தக் கறை தெரிந்தது.

அந்தக் கறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரெண்டு வருஷமாக எனக்கும் அவளுக்கும் அதை வைத்துத்தான் சண்டை. பழுப்பாக, உள்ளங்கை அகலத்தில் இருக்கும். உன் எண்ணெய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுவரையே நாசம் பண்ணிவிட்டாய் என்று நான் திட்டுவேன். நான் அந்தப் பக்கம் சாய்வதே இல்லை என்று அவள் சொல்லுவாள். அப்போ பேய் வந்து சாய்கிறதா என்பேன். நான் ரெண்டு தடவை பெயின்ட் அடித்தேன். ரெண்டு தடவையும் கறை திரும்பி வந்தது.

அன்றைக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது கறைக்கு நடுவில் ஒரு வட்டம் தெரிந்தது. பெயின்ட்டுக்கு அடியில் வயர் இணைக்கிற பெட்டியின் மூடி. தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் கருவாட்டுத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

டெஸ்டரம்மா அந்தப் பக்கம் ஸ்டூலில் ஏறி முதுகைக் காட்டிக்கொண்டு வேலையில் இருந்தார். அவர் பார்க்கவில்லை. கட்டிலைத் திரும்பத் தள்ளிவிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. கையெழுத்து கிடைத்துவிடும். நாளைக்கு அவள் இங்கே படுத்திருப்பாள். சொன்னால் ஒரு நாள் வேலை, அவள் ரெண்டு மணி நேரத் தூரத்துக்குப் போய்விடுவாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்தத் தலையணையைப் பார்த்தேன். கறைக்கும் தலையணைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

பையிலிருந்த செம்பு முறுக்கை எடுத்து நீட்டினேன்.

"நேத்து வரைக்கும் இந்த ரூம் ஃப்யூஸ்ல இதான்மா இருந்துச்சு. நான்தான் வச்சேன். நேத்து நீங்க போனதும் மாத்திட்டேன்."

அவர் இறங்கி வந்தார். முறுக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை. மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே வயர் மேலிருந்த ரப்பர் உருகி, கரிக்கட்டையாகச் சுருண்டு கிடந்தது. ஒரு விரல் வைத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"நாளைக்கு இதுக்குப் பக்கத்துலதான் சார் ஆக்ஸிஜன் வரப்போவுது" என்றார்.

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு வருஷம். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி நான் நெருப்பு வைத்திருக்கிறேன், அவளையே அதற்குத் திட்டியும் இருக்கிறேன். ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும் என்பது ஸ்கூட்டர் மெக்கானிக்குக்குத் தெரியாதா என்ன? அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதேன்.

அவர் நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகம் கழுவிட்டு வாங்க சார், ஏணியைப் பிடிக்க ஆள் வேணும் என்றார், அவ்வளவுதான். சுவரை உடைக்க நேரமில்லை. பழைய லைனை ரெண்டு முனையிலும் வெட்டிச் சாகடித்தார். ஏசிக்கும் அந்த அறை விளக்குக்கும் சுவருக்கு வெளியிலேயே பிளாஸ்டிக் பட்டை அடித்து அதற்குள் புது வயர் ஓட்டினார். மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் ஜன்னலில் இருந்தது. நான் ஏணியைப் பிடித்தேன், ஆணி எடுத்துக் கொடுத்தேன், சொன்னதை மட்டும் செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு மெஷின் கம்பெனிக்காரர் வந்துவிட்டார். பாதி வயர் தரையில் கிடந்தது. தலையைச் சொறிந்தார். அடுத்து இந்தப் பக்கம் வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்றார்.

டெஸ்டரம்மா ஏணியில் இருந்தபடியே பேசினார். "ஒரு பழைய இணைப்பு கருகியிருந்துச்சு சார். பாத்துட்டு அப்படியே விட மனசு வரல. உங்களுக்கு இன்னும் எத்தனை வீடு இருக்கு இன்னிக்கு?"

மூன்று என்றார்.

"அத முடிச்சிட்டுக் கடைசியா இங்க வாங்க. ஆறரைக்கு எல்லாம் ரெடியா இருக்கும். அந்தம்மா நாளைக்கு வீட்டுக்கு வரணும்."

யார் கருக்கினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. நான்தான் என்று நானே சொன்னேன். கம்பெனிக்காரர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, ஆறரை என்றால் ஆறரைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறேகாலுக்கு வேலை முடிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொன்னார் டெஸ்டரம்மா. எனக்குப் புரியவில்லை. ஹீட்டர், ஏசி, வாஷிங் மெஷின், மிக்ஸி, கெட்டில் எல்லாம் ஒரே சமயத்திலா என்று கேட்டேன். ஆமாம், அப்போதுதான் தெரியும் என்றார். ஒவ்வொரு சுவிட்சாகப் போய், ஒவ்வொன்றிலும் கையை வைத்துக்கொண்டு "போடவா?" என்று கேட்டேன். முதல் ரெண்டு தடவை அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்றாவதிலிருந்து "போடுங்க" என்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீடு முழுக்க இரைந்தது. கூடத்து விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணிமைக்கிற அளவுக்குக்கூட மங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தச் சத்தம் எல்லாம் சேர்ந்து ஒன்றாக இந்த வீட்டில் கேட்டதே இல்லை.

ஆறரைக்கு வந்தவர் கருவியை வைத்துப் பார்த்தார், எர்த்தைப் பார்த்தார், செத்த லைனைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை ரெண்டு கையாலும் வாங்கினேன்.

டெஸ்டரம்மா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "என் வீட்டுக்காரிய நீங்கதான்மா திருப்பிக் குடுத்திருக்கீங்க."

அவர் மென்றுகொண்டே தலையாட்டினார். செம்பு முறுக்கைக் காட்டி, இது எனக்கு வேணும், சொன்னா நம்பாத வீடுகள்ல காட்டலாம் என்றார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என் மானம் நாலு வீட்டுக்குப் போய் நல்லது செய்யட்டும்.

புதன்கிழமை பத்தரைக்கு அவள் வந்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. மூக்கில் குழாயோடு, கட்டிலில் சாய்ந்து, மேலே ஓடுகிற புதுப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழைய கறையில் வந்து கண் நின்றது. இன்னும் இதைத் துடைக்கவில்லையா என்று ஜாடையில் கேட்டாள். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கூட்டர் வயர், திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் மாற்றியது, கரிக்கட்டை, ஒன்றையும் விடவில்லை. எண்ணெய்த் தலை என்று திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இது முதல் தடவை. அவளுக்கே ஆச்சரியம்.

கறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சாயலன்னு... ரெண்டு வருஷமா சொன்னேன்ல" என்றாள்.

சொன்னாய்தான் என்றேன்.

தொண்டைக்கு ஏதாவது சூடாகக் குடித்தால் நன்றாயிருக்கும் போல இருந்தது எனக்கு. சமையலறைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் ஊற்றினேன். அறையில் ஏசி ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது. இனி யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. தெரியும். ஆனாலும் கை சுவிட்சில் இருக்க, வாய் கேட்டுவிட்டது.

"போடவா?"

நாற்பத்தோரு நாள் நின்ற அந்த ஒரு நொடி நின்றேன்.

மெஷின் இரைச்சலைத் தாண்டி, மெலிதாக, ஆனால் மூச்சு வாங்காமல், அவள் குரல் வந்தது.

"போடுங்க. எனக்கும் சேத்து."