வீட்ல ஒண்ணு படுத்துக் கிடக்கு

எல்லாம் ஒரே ஒரு 'ஒண்ணு' செய்த வேலை.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். புருஷன் பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்து தொடையில் ஆபரேஷன். "புண் ஆறணும்னா புரதச் சத்து வேணும், தினமும் கறி, முட்டை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோழிக்கடைக்குப் போனால் தொடைக்கறி விலை கையைச் சுட்டது. மேசைக்குக் கீழே ஒரு தொட்டியில், கழிவென்று ஒதுக்கிப் போட்ட கழுத்தும் முதுகெலும்பும் கிடந்தன.

"அதுல கொஞ்சம் குடுங்க தம்பி. வீட்ல ஒண்ணு படுத்துக் கிடக்கு. நேரத்துக்குத் தட்டுல போடலேன்னா கத்தி ஊரைக் கூட்டுது."

கோபம் வந்தால் புருஷன் அவளுக்கு 'ஒண்ணு', 'அது'. கடைக்காரனுக்கு அது எப்படித் தெரியும்?

"நாட்டு நாயாக்கா?"

திருத்த வாயெடுத்தாள். அதற்குள் பை நிறைந்து, கிட்டத்தட்ட சும்மாவே கைக்கு வந்துவிட்டது.

"நாட்டு நாய்தான்" என்றாள். அன்றைக்குச் சங்கிலி அவள் கழுத்தில் விழுந்தது.

முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல்நுனியளவு கறி ஒட்டியிருக்கும். பச்சையாகச் சுரண்டினால் வராது. எலும்பு மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் கறி நாராகும்; மெல்லக் குமிழி விடும் சூட்டில் முக்கால் மணி நேரம் கிடந்தால் தானே கழன்றுகொள்ளும். கழுத்தை வளைத்தாலே கணுவுக்குக் கணு உதிரும். அந்தச் சாற்றிலேயே பருப்பை வேகவைத்தால் சத்தும் கூடும், தட்டும் நிறைந்து தெரியும்.

"எலும்பில்லாத கறியா வாங்குற? பெரிய இடம்தான்" என்று பெயின்டர் கிண்டலடிப்பார். அவரிடமும் சொல்ல முடியவில்லை. புண் வாய் மூடத் தொடங்கியிருந்தது. இப்போது கறியை நிறுத்தவும் முடியாது.

கடையிலோ தினம் விசாரணை.

"குரைக்குதாக்கா?"

"ராத்திரி பூரா."

"கடிக்குமா?"

"வாய் மட்டும்தான் தம்பி."

நான்காவது வாரம் கடைக்காரன் முகமெல்லாம் பல்லாக நின்றான். கையில் ஒரு பொட்டலம், உள்ளே வெள்ளைப் பொடி.

"வயித்துப்பூச்சி மருந்துக்கா. எங்க நாய்க்குப் பொடிச்சதுல மிச்சம். கறியில பிசைஞ்சு தர்றேன், உங்க நாய்க்கு வாடையே தெரியாது."

பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"வேணாம் தம்பி. போன வாரம்தான் குடுத்தேன்."

"அப்போ இன்னொரு தடவை குடுக்கணும்க்கா. முதல் தடவை பெரிய பூச்சிதான் சாகும். முட்டையிலேர்ந்து வர்றதுக்கு இது."

கறிமேல் பொட்டலம் சாய்ந்தது.

"ஐயோ, அவருக்கு ஒத்துக்காது!"

அவன் கை அப்படியே நின்றது.

"அவருக்கா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடைக்காரன் சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். குரல் இறங்கியது.

"ஏங்க்கா சொல்லல? தரையில விழுந்ததையும் அதுலதான் போடுறேன்."

"நல்லாக் கழுவித்தான் வேகவச்சேன்."

"இருக்கட்டும். இனிமே மனுஷங்களுக்கு அதுலேர்ந்து தர மாட்டேன்."

சோப்புப் போட்டுக் கை கழுவினான். பலகைமேல் இருந்த கழுத்தையும் ஈரலையும் எடுத்துத் தராசில் வைத்தான். "இதுக்கு மனுஷ விலைதான்க்கா. சும்மா குடுக்க முதலாளி எனக்கு விட்டிருக்கறது தொட்டியை மட்டும்தான்."

கூலிக்கு நிற்கிற அவனையும்தான் கட்டிப்போட்டிருந்தார்கள். அவள் கையிலிருந்த காசை நீட்டினாள். அதற்குக் கிடைத்த கறியில் பையின் அடி மட்டுமே மறைந்தது.

வீட்டில் பருப்பை இரண்டு கைப்பிடி கூடப் போட்டாள். ஈரலைப் பொடியாக அரிந்து, தட்டில் மேலாகத் தெரியும்படி வைத்தாள்.

பெயின்டர் விரலால் துழாவினார். "என்ன, இன்னிக்குக் கறியைத் தேட வேண்டியிருக்கு?"

"நாய் செத்துப்போச்சு."

"எந்த நாய்?"

"நாட்டு நாய்தான்" என்றாள். "சாப்பிடுங்க."