கரிநாளில் புறப்பட்ட படகு

பாண்டிச்செல்வி படகில் பயணம் புறப்பட்ட அன்று மல்லாங்கிணற்றில் எந்தக் கிணற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஐப்பசி பாதி கடந்தும் வானம் பொய்த்திருந்தது. லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்க்கும், வெங்காயம் கிலோ அறுபதுக்கும் போய்க்கொண்டிருந்தன. அன்று காலை ஏழேகால் மணிக்கு அவளுடைய வள்ளம் தரைக்கு ஒரு சாண் உயரத்தில், அவளையும் அவள் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு, கருவேலங்காட்டைப் பார்த்து நகர ஆரம்பித்தது. புருஷன் புகழேந்தியும் கூட ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. தரையில் படகு போனதைத்தான் ஊர் இன்றைக்கும் பேசுகிறது. அது நடக்கக்கூடியதுதான். அந்த மனுஷன் ஏறாமல் நின்றதுதான் புரியாத விஷயம்.

பாண்டிச்செல்வி முப்பத்தொரு வருஷம் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தவள். விடியுமுன் வேனில் போய்ப் பொழுது சாய வேனில் திரும்புவாள். அலுமினியத் தூள் ஏறி ஏறி அவள் கை இரண்டும் வெள்ளியாகவே ஆகிவிட்டன. சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் போகவில்லை. இரண்டு முறை வெடிவிபத்தில் செருப்பில்லாத காலோடு அறையை விட்டு ஓடியிருக்கிறாள். இரண்டாவது முறை பக்கத்து அறையில் இருந்த செல்லக்கனி வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு பாண்டிச்செல்வி வீட்டிலும் நிலைவாசலுக்கு நேரே காலை நீட்டித்தான் படுப்பாள்.

புகழேந்தி சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் புரூப் திருத்துபவர். தினம் கிழிக்கிற காலண்டரில் நாள், நட்சத்திரம், ராகுகாலம், கரிநாள் எல்லாம் அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினில் ஏறும். கழித்துப் போட்ட தாள்களை வீட்டுக்கு அள்ளி வருவார். அதில் ஒன்றில், நிறம் விலகி அச்சான ஒரு படகுவீடு இருந்தது. பாண்டிச்செல்வி அதை அடுப்படியில் ஒட்டினாள். இதில் குடியிருக்க முடியுமா என்று கேட்டாள். கேரளாவில் இருக்கிறார்களே என்றார் அவர். அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுத்தித் தண்ணியா இருந்தா எதுவும் வெடிக்காதுல்லங்க?" என்றாள்.

இருவரும் ரிட்டயர் ஆனதும் வீட்டை மகள் ஆர்த்தி பெயருக்கு எழுதிவிட்டு ஒரு படகு வாங்கி, மூக்கையூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கரையோரமாகவே போய் வாழ்ந்துவிடுவது என்று அன்றைக்கு முடிவானது. புகழேந்தி அதை மனதாரத்தான் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் அவர். தள்ளிப்போட மட்டும் நன்றாகத் தெரியும்.

காலண்டர் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்துவிடும். ஊரெல்லாம் தை பிறக்கக் காத்திருக்கும்போது இவர்களுக்கு அந்தத் தை பழசாகியிருக்கும். நாற்பது வருஷம் அப்படியே அடுத்த வருஷத்தில் குடியிருந்த புகழேந்திக்கு, ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்பது மூச்சு விடுவது மாதிரி. பாண்டிச்செல்வி ஐம்பத்தெட்டில் வேலையை விட்டாள். கைக்கு வந்த பணத்தில் மூக்கையூரில் ஒரு பழைய வள்ளத்தை வாங்கி, லோடு இறக்கிவிட்டுச் சும்மா திரும்பிய லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி வைத்தாள். அதே வருஷம் அவருக்கு அறுபது முடிந்தது. இந்த ஒரு சீசன் மட்டும் இருங்கள் என்றார் முதலாளி. இருந்தார். அது முடிந்து இன்னொரு சீசன் வந்தது.

அவள் சண்டை போடவில்லை. அடுப்பையும் பாயையும் அந்தப் படத்தையும் வள்ளத்துக்கு மாற்றிக்கொண்டு அதிலேயே இருக்க ஆரம்பித்தாள். புகழேந்தி வீட்டில் படுத்து, படகில் சாப்பிட்டு, வேலைக்குப் போய்வந்தார். ஊர் கேலிக்குக் கேட்கவா வேண்டும். கரிசல்காட்டுக் கப்பல் என்று பெயர் வைத்தது. பக்கத்து வீட்டு முருகம்மாளின் கோழி அதில் முட்டையிட்டது.

இரண்டாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வள்ளம் செங்கல்லை விட்டு ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றது. முட்டை எடுக்க வந்த முருகம்மாள் அடியில் கைவிட்டுத் துழாவினாள். கை நனைந்தது. நக்கிப் பார்த்தாள், உப்புக் கரித்தது. கிராம அதிகாரி வந்து, இடம் புறம்போக்கு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். லைன்மேன் கம்பியில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சூலக்கரையில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்குப் போன மனு, மேற்படி பொருள் தரையைத் தொடாத காரணத்தால் எந்தத் துறைக்கும் சேராது என்று திரும்பி வந்தது. பாண்டிச்செல்வி மட்டும் அரிசியும் மிளகாயும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பத்தொன்பதாம் தேதி காலையில் படகு அசைந்தது. புகழேந்தி வேனுக்காகத் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார். அவள் அவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டாள். அவர் வீட்டுக்குள் போய்க் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தார். அன்றைய தாளில் கரிநாள் என்று போட்டிருந்தது. இருபதாம் தேதியல்லவா கரிநாள் என்று உள்ளுக்குள் ஏதோ முனகியது. ஆனால் அச்சில் ஏறிவிட்டதே. அவரே கையெழுத்துப் போட்ட தாளை அவர் நம்பாவிட்டால் யார் நம்புவது?

"செல்வி, இன்னைக்குக் கரிநாளு. நாளைக்கு வெள்ளனப் போவோம்."

"நாளைக்கு இது இங்கன நிக்காதுங்க. ஏறிருங்க."

விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் கூடவே நடந்தார். படகு மாடு நடக்கிற வேகத்தில்தான் போனது. அவருடைய கை மேல் அவள் தன் வெள்ளிக் கையை வைத்திருந்தாள். ரோடு பிரிகிற விலக்கில் வேன் ஹாரன் அடித்தது. நாலாயிரம் தாள் ஆர்டர் அன்றைக்கு மெஷினில் ஏற வேண்டியிருந்தது. இந்த வேகத்தில் போனால் நாளைக்கு வண்டியில் போய்ப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கையை எடுத்தார். அவர் வேனில் ஏறி உட்காரும்வரை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் பையோடு வண்டியில் தேடிப் போனார். காரியாபட்டி ரோடு வரைக்கும் மண்ணில் ஈரத் தடம் இருந்தது, அதற்கு மேல் காய்ந்துவிட்டது. அவளுடைய செல்போன் செங்கல் அடுக்கின் மேலேயே இருந்தது. அடுத்த வாரம் அச்சகத்துக்கு ஒரு ஏஜென்ட் போன் பண்ணி, கரிநாளை ஒரு நாள் முன்னால் போட்டிருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். புகழேந்தி பழைய புரூப்பை எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் அவருடைய கையெழுத்து, கொஞ்சமும் நடுங்காமல். பத்தொன்பது நல்ல நாள். அவர் பையோடு கிளம்பினாரே, அந்த இருபதுதான் கரிநாள். கழிவுத் தாள் கட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதார். தாள் சரியாக இருந்திருந்தாலும் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்போம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவரைக் கொன்றது.

மறு வருஷம் அதே ஐப்பசி பத்தொன்பதில் படகு வீட்டு வழியாக வந்தது, முழங்கால் உயரத்தில். குழந்தைகூட ஏறிவிடலாம். புகழேந்தி அன்றைக்கு வீட்டில் இல்லை. இந்த முறை கரிநாள் தப்பாகிவிடக் கூடாதென்று அந்த வாரம் முழுக்க அச்சகத்திலேயே தங்கி, கடைசி ஆர்டர் வரைக்கும் தாள் தாளாகப் படித்துக்கொண்டிருந்தார். பூட்டிய கதவைப் பாண்டிச்செல்வி பார்த்துவிட்டுப் போனதாக முருகம்மாள் சொன்னாள். அன்றோடு வேலையை விட்டார். அதற்கடுத்த வருஷம் படகு நெஞ்சு உயரத்தில் வந்தது. அவர் பையைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். முழங்கால் ஏற மறுத்தது. அவள் இரண்டு கையாலும் இழுத்தாள், வளையல் உடைந்ததுதான் மிச்சம். கருவேலமரம் வரைக்கும் தொங்கிக்கொண்டே போய் அங்கே விழுந்தார். பை அவளோடு போனது. அவருடைய வேட்டி சட்டையெல்லாம் ஆறு வருஷமாகப் படகில்தான் பயணம் செய்கின்றன.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் படகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, இப்போது பனைமர உயரத்தில் வருகிறது. நிற்பதில்லை, அவசரப்படுவதும் இல்லை. அம்மாவை மேலே மழை நனைக்காதா என்று ஆர்த்தி போனில் கேட்பாள். வீட்டுக்கு நேரே வரும்போது பாண்டிச்செல்வி கயிற்றில் வாளியை இறக்குவாள். புகழேந்தி அடுத்த வருஷத்துக் காலண்டரை, கடைக்கு வருமுன்னே கேட்டு வாங்கிய முதல் பிரதியை, அதில் வைப்பார். வாளியில் அவருக்குச் சாளை மீனும், போன முறை அவர் மேலே அனுப்பிய அந்த வருஷத்துக் காலண்டரும் இருக்கும். மேலே போன காலண்டர் தாள் கிழியாமலே திரும்பி வரும். தையும் கிழிந்திருக்காது, சித்திரையும் கிழிந்திருக்காது. நாள் பார்த்து எதையும் செய்ய அவளுக்கு அங்கே அவசியம் இல்லை. ஐப்பசி பத்தொன்பதாம் தேதி ஒன்று மட்டும் கிழிந்திருக்கும். அடித்துண்டின் ஓரத்தில் வெள்ளியாக ஒரு பெருவிரல் பதிந்திருக்கும்.

இந்த வருஷமும் அப்படித்தான் வந்தது. கயிறு மேலே போகும்போது புகழேந்தி அண்ணாந்து, "ஏறியிருக்கணும் செல்வி" என்றார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அதை வாய்விட்டுச் சொன்னார். அவளுக்குக் கேட்டிருக்கும். கருவேலங்காட்டைத் தாண்டும்வரை வெள்ளிக் கை ஒன்று விளிம்புக்கு வெளியே தெரிந்தது.

மத்தியானம் மீன்குழம்பு வைத்தார். முருகம்மாள் கிண்ணத்தோடு வந்து, இந்த வருஷம் மீன் சின்னதாக இருக்கிறது, புளி தூக்கலாகப் போட்டுவிட்டீர்கள் என்று குறை சொன்னாள். பிறகு சுவரில் மாட்டிய பழைய காலண்டர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"அடுத்த வருசமும் வந்துருவாகளாண்ணே?"

"வந்துருவா. தேதி அச்சடிச்சுட்டாகல்ல" என்றார் புகழேந்தி.

முருகம்மாள் இன்னும் இரண்டு மீன் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.